நாற்பது சென்ட்டில் பெய்யும் மழை எங்கே போகும்?

வாசகர் கடிதம்:

"ஐயா, கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மாமனார் வைத்த தேயிலைத் தோட்டம் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். கணவர் தவறி ஐந்து வருடம் ஆகிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் பறிப்புக் கூலியும் உரச் செலவும் போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இதில் ரோட்டை ஒட்டிய நாற்பது சென்ட்டைக் கோவைப் பார்ட்டி ஒருவர் கேட்கிறார். ஜாயின்ட் வென்ச்சரில் எட்டு காட்டேஜ் கட்டி இரண்டை எங்களுக்குத் தருவாராம், பவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதுமாம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், 'வெளியாள் எதற்கு, லோன் போட்டு நாமே மூன்று மாடியில் ஹோம்ஸ்டே கட்டுவோம்' என்கிறான். கணவரின் அண்ணனோ, 'கீழே நம்ம வீடு இருக்குது, ஊர்க் கிணறு இருக்குது, மண்ணைத் தொடாதே' என்கிறார். சுற்றிலும் எல்லோரும் கட்டிவிட்டார்கள். ஊட்டியும் குன்னூரும் கோத்தகிரியும் வளர்ந்துகொண்டே போகும்போது எங்கள் நிலம் மட்டும் ஏன் தேயிலையாகவே கிடக்க வேண்டும்? அடுத்த வாரம் டோக்கன் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார்கள். நிலத்தின் இரண்டு போட்டோ வைத்திருக்கிறேன்."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கன் அட்வான்ஸ் வாங்காதீர்கள். பவர் எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பவர் கையில் இருப்பவர் உங்கள் பெயரில் பிளான் போடலாம், மண் எடுக்கலாம், பத்திரத்தின் வாசகம் இடம் கொடுத்தால் விற்கவும் செய்யலாம். விதியை மீறிக் கட்டிவிட்டு அவர் மலையிறங்கிப் போன பிறகு, சீல் வைக்கும் நோட்டீஸ் பட்டாவில் பெயர் இருப்பவரைத் தேடித்தான் வரும். நகரமைப்புத் துறையில் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவன் நான். அப்படி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த விதவைத் தாய்மார்கள் சிலர் இன்னும் நினைவில் இருக்கிறார்கள்.

இனி அவசரமில்லாமல் பேசலாம். உங்கள் கேள்விகளில் என்னை நிறுத்தியது அந்த "ஏன் எங்கள் நிலம் மட்டும்" என்பதுதான். நியாயமான கேள்வி. மலை பச்சையாக இருக்க வேண்டும் என்று கீழேயிருந்து வருகிற எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அந்தப் பச்சையை வைத்திருப்பதற்கான நஷ்டத்தை மட்டும் கொழுந்து விற்கிறவர் தலையில் கட்டுகிறார்கள். தேயிலையை நான் கோவிலாகவும் நினைக்கவில்லை. அதுவே இங்கே வந்தேறிதான். புல்வெளியையும் சோலைக்காட்டையும் திருத்தித்தான் தேயிலை வைத்தார்கள். நிலத்தின் உபயோகம் மாறக் கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனால் "ஊர் வளர்கிறது" என்றீர்களே, அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394 பேர். உதகை நகராட்சியில் மட்டும் 93,987 பேர் இருந்தது 88,430 ஆனது. தமிழ்நாட்டிலேயே அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இதுதான். ஆனால் அதே பத்து வருடத்தில் கட்டடம் குறைந்ததா? நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் மகனைப் போலப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிப் போகிறார்கள், செங்கல்லும் சிமென்ட்டும் லாரியில் ஏறி வருகின்றன. சமவெளியில் ஓர் ஊர் பெருக்கிறது என்றால் அங்கே வேலை இருக்கிறது, ஆள் வருகிறார்கள், வீடு தேவைப்படுகிறது என்று பொருள். இங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற ஜன்னல்கள் பெருகுகின்றன.

இது புதிதும் இல்லை. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து முதல் பங்களாவைக் கட்டியது உங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில், கன்னேரிமுக்கில்தான். பிறகு உதகைக்குப் போனார். அது மதராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகர் ஆயிற்று. வெயில் காலத்தில் ஏறி, பிறகு இறங்கிவிடுகிற ஆட்களுக்காகவே வடிவெடுத்த ஊர் அது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்கள் நாற்பது சென்ட்டுக்குப் பேசுகிற விலைக்கும் அதில் விளைகிற கொழுந்துக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. அந்த விலை உங்கள் ரோட்டிலிருந்து தெரிகிற பள்ளத்தாக்குக்கு. வாங்குபவர் "வியூ" என்பார். கொழுந்து விற்று அந்த விலைக்கு ஒரு சென்ட்டாவது வாங்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள், விற்றால் திரும்பி வாங்கவே முடியாது என்பது புரியும்.

இப்போது உங்கள் போட்டோவுக்கு வருகிறேன்.

இரண்டாவது படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடக்கிற மோரியிலிருந்து கோணலாகக் கீழே இறங்குகிற ஒரு பட்டையில் செடியே இல்லை. புல்லும் பெரணியும் காட்டுச் சேம்பும் மண்டிக் கிடக்கின்றன. அகலம் எட்டு அடி இருக்கலாம். ஒரு சென்ட்டைக்கூட வீணாக்காத காலத்தில் தோட்டம் வைத்தவர் உங்கள் மாமனார். அந்த இடத்தை அவர் ஏன் விட்டார்? மறந்து விட்டிருக்க மாட்டார். செடி வைத்துப் பார்த்திருப்பார், வேர் அழுகியிருக்கும், அல்லது ஒரு மழையில் வரிசையோடு போயிருக்கும். அது தண்ணீர் வழி. எட்டு காட்டேஜ் பிளானில் அந்தப் பட்டையின் மேல் என்ன வருகிறது என்று பார்ட்டியிடம் கேளுங்கள். என் ஊகம், கார் நிறுத்துமிடம். இருப்பதிலேயே சரிவு குறைவாகத் தெரிகிற இடம் அதுதான், எல்லா என்ஜினீயர் கண்ணும் அங்கேதான் போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். 2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. உங்கள் ஊரிலிருந்து காக்கை பறக்கும் தூரம். அந்த மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழை உங்கள் நாற்பது சென்ட்டில் மட்டும் விழுந்தால் சுமார் 13 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி நூற்றுப் பத்து. ரோட்டுக்கு மேலேயிருந்து மோரி வழியாக வருகிற தண்ணீர் இதில் சேரவில்லை. இப்போது அதில் ஒரு பகுதியை மண் குடிக்கிறது, ஒரு பகுதி வேர்களுக்கிடையே தடுக்கித் தடுக்கி இறங்குகிறது, மீதி மாமனார் விட்ட பட்டையில் ஓடுகிறது. கூரையும் கான்கிரீட் தளமும் வந்த பிறகு குடிக்க மண் இருக்காது, ஓடப் பட்டையும் இருக்காது. எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரு மூலையைத் தேடிப் போகும். அந்த மூலைக்குக் கீழே உங்கள் வீடு.

அப்படியொரு மழை ஆயுளில் ஒரு முறை என்று யாராவது சொன்னால் 1978, 1993, 2009 என்று வருடங்களைச் சொல்லுங்கள். 1993 நவம்பரில் மரப்பாலம் பக்கம் மேட்டுப்பாளையம் ரோடே போனது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. அது மேற்குப் பக்கம், தென்மேற்குப் பருவமழை. உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் ஆபத்து. காட்டேஜ் இடத்தைச் சித்திரையில் காட்டுகிற புரோக்கர்கள் ஐப்பசியில் காட்ட மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா?

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அவன் யோசனையில் ஒரு நல்லது இருக்கிறது: நிலம் குடும்பத்தில் நிற்கிறது. கெட்டது அந்த மூன்று மாடி. படத்தைப் பார்த்தால் சரிவு முப்பது டிகிரிக்குக் குறையாது என்று தோன்றுகிறது. முப்பது டிகிரிச் சரிவில் முப்பது அடி அகலத்துக்குச் சமதளம் வேண்டும் என்று உட்பக்கமாக வெட்டினால், பின்னால் நிற்கிற மண் சுவரின் உயரம் பதினேழு அடிக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டு மாடி. அதற்கு மேல் உங்கள் பஞ்சாயத்து ரோடு, அதில் பஸ்ஸும் லாரியும். பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் வெட்டு எட்டரை அடியாகக் குறையும், ஆனால் முன்பக்கம் நிரப்பிய மண் புது மண். மழையில் ஊறிய புது மண்ணின் மேல் தூண் நிறுத்துவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் போதாதா என்று அவன் கேட்பான். எல்லோரும் கேட்பார்கள். மலையில் தடுப்புச் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் மண் அல்ல, மண்ணுக்குள் நிற்கிற தண்ணீர். நம் செம்மண் ஆழமாக உளுத்த பாறை. ஒரு அளவு வரை தண்ணீரைக் குடித்துக்கொண்டே நிற்கும், குடித்து நிறைந்ததும் துகளுக்குத் துகள் பிடிப்பு விட்டுவிடும். சுவரில் அடுக்கடுக்காக வடிகுழாய் விட்டு, பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீரை வெளியே வர விட்டால்தான் சுவர் நிற்கும். என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடியிருப்புக்கு அழகான கருங்கல் சுவர் ஒன்றைப் பார்த்து "பிரமாதம்" என்று எழுதிவிட்டு வந்தேன். வடிகுழாய் எல்லாம் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் போனால் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. மழைக்காலத்தில் அழுக்குத் தண்ணீர் வாசலில் வடிகிறது என்று குழாய் வாய்களைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அன்றிலிருந்து யாருடைய சுவரையும் பிரமாதம் என்று எழுதியதில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இதில் நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் பார்ட்டி "எல்லாம் அப்ரூவல் வாங்கிடலாமுங்க" என்று சொல்லியிருப்பார். ஹாகா என்று எல்லோரும் சொல்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் வந்தது. 1993-ல் மலை ஊர்களுக்கென்று தனிக் கட்டட விதிகளும் வந்தன. உங்கள் கிராமம் ஹாகா பட்டியலில் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை என்று ஒவ்வொன்றிடமும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். தேயிலை நிலத்தில் காட்டேஜ் கட்ட நில உபயோக மாற்றம் தனியாக வேண்டும். பொக்லைன் வைத்து மண் எடுக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனி. உயர வரம்பு இருக்கிறது, மூன்று மாடி நடக்காது. பார்ட்டி அந்த நாற்பது சென்ட்டை எட்டு மனையாகப் பிரித்து விற்பதாக ஒரு திட்டம் வைத்திருந்தால், அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்துகிற சலுகை 20.10.2016-க்கு முன் பிரித்தவற்றுக்குத்தான். பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு குறுக்கு வழியையும் சொல்லிவிடுவார்கள்: "குடியிருப்பு வீடுன்னு பிளான் வாங்கிக் கட்டி, அப்புறம் ரூம் விடலாம்." நீலகிரியில் சீல் வைத்த கட்டடங்கள் பலவற்றின் கதை இதுதான். சீகூர் யானை வழித்தடத்தில் 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ரிசார்ட்டுகள் பூட்டப்பட்டதும் நினைவிருக்கட்டும். அது வேறு வகை நிலம், வேறு வகை வழக்கு. ஆனால் கடன் வாங்கிக் கட்டியவர்களுக்குப் பூட்டு ஒன்றுதான்.

கழிவுத் தண்ணீரைப் பற்றிப் பார்ட்டியும் பேசவில்லை, மகனும் பேசவில்லை, உங்கள் கணவரின் அண்ணன் மட்டும் கிணறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். எட்டு காட்டேஜ், ஒன்றுக்கு நான்கு பேர், முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடுகிற கணக்கு. நாளொன்றுக்கு 4,320 லிட்டர். இதை எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்பது ஒரு கேள்வி. பயன்படுத்திய பிறகு எங்கே விடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சமவெளியில் செப்டிக் டேங்க் தண்ணீர் கீழே இறங்கும். மலையில் அது பக்கவாட்டில் நடந்து கீழ்வீட்டு ஊற்றில் தலை காட்டும். உதகையில் என்ன நடந்தது என்று பாருங்கள். சல்லிவன் 1823-ல் தொடங்கி வெட்டிய ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடமெல்லாம் அதன் தலைமாடு. அதைத் தூர்த்து நிலமாக்கினோம், மிச்சம் இருந்ததில் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்ச் சாக்கடையை விட்டோம். பெருமழைக்கு அந்தத் தாழ்வான பகுதியில் வண்டி மிதக்கும்போது எல்லோரும் ஆச்சரியப்படுகிறோம்.

பழைய ஹட்டிகளைக் கவனியுங்கள். படகர் ஊர்களில் வீடுகள் மலையின் இடுப்பில் ஒரே மட்டத்தில் வரிசையாக ஒட்டி ஒட்டி நிற்கும். சரிவை வெட்டாமல், மட்டத்தோடு போகும். கீழேயிருக்கிற சதுப்பு எருமைக்கும் தண்ணீருக்கும். யாரும் அங்கே வீடு வைக்கவில்லை. நகரமைப்புப் படிப்பில் இரண்டு வருடம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கால் பங்கு அந்த வரிசையில் இருக்கிறது. உதகையும் குன்னூரும் வளர்ந்தபோது அந்தச் சதுப்புகளில்தான் முதலில் கை வைத்தார்கள், சமதளமாக இருக்கிறதே என்று.

சரி, ஒன்றுமே செய்யக் கூடாதா? செய்யலாம். உங்கள் முதல் போட்டோவில் ரோட்டோரம் பழைய இலை ஷெட் ஒன்று தெரிகிறது, முன்னால் லாரி நிற்கிற அளவுக்கு ஒரு சமதளம். அது பல வருடமாக அமுங்கிய மண், தண்ணீர்ப் பட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும், மட்டத்தோடு நீளவாக்கில், கீழ்த்தளமும் வேண்டுமானால் ஒரு மாடியுமாக, மூன்று நான்கு அறை வீடு ஒன்றை யோசிக்கலாம். சரிவைத் தொடுகிற பக்கத்தில் மண்ணை வெட்டாமல் தூண் இறக்கச் சொல்லுங்கள். முறையாகக் குடியிருப்புக்கு அனுமதி வாங்கி, அதில் நீங்களோ மகனோ நிஜமாகவே குடியிருந்து, சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேவாகப் பதிந்து இரண்டு அறையை விடுங்கள். சொந்தக்காரர் குடியிராத வீட்டுக்கு ஹோம்ஸ்டே என்று பெயரில்லை. மூன்று மாடிக் கணக்கில் வட்டி கட்டுவதற்கு முன் உங்கள் மகன் இன்னொன்றையும் பார்க்கட்டும்: 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் உதகைக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பே வைத்தது. அறை எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, வருகிற வண்டிக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இதில் வருகிற வருமானம் பார்ட்டி காட்டுகிற எட்டு காட்டேஜ் கனவுக்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் தெரியும். அதை மறைக்க மாட்டேன். மீதித் தேயிலையை நல்லபடி கவாத்து செய்து வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து குடும்பம் ஓடும், பணக்காரர் ஆக முடியாது. பணத் தேவை நெருக்குகிறதென்றால், ரோட்டோரத்தை விடுங்கள், வீட்டுக்கு மேலே இல்லாத ஒரு மூலையைத் தோட்டமாகவே, உள்ளூர்க்காரர் ஒருவருக்கே விற்றுவிடலாம். விலை குறையும், தூக்கம் போகாது.

வருகிற வாரம் செய்ய வேண்டியது இவ்வளவு. தாசில்தார் அலுவலகத்தில் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் வாங்குங்கள். வரைபடத்தில் அந்தப் பட்டை ஓடையாகக் கோடிட்டிருக்கிறதா, நிலத்தின் வகைப்பாடு என்ன, தனியார் காடு என்று எங்காவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓடை என்று அரசுக் கணக்கில் இருந்தால் அது உங்களுடையதே அல்ல, பேச்சு அங்கேயே முடிந்தது. இல்லையென்றாலும் அண்ணனை அழைத்து ஒரு டீ கொடுத்து, அந்த எட்டு அடியில் அப்பா ஏன் செடி வைக்கவில்லை என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பார்ட்டி போன் செய்தால், ஐப்பசி மழையில் வந்து இடத்தைப் பாருங்கள், குடை நான் தருகிறேன் என்று சொல்லுங்கள்.